டிக்கெட்டில் கழித்தல் கணக்கு வேண்டாம், அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழில் எனக்கு. மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர்க்காரர்களுக்கு வளைகுடா டிக்கெட்தான் அதிகம் போகும். போன வாரம் மறுபடியும் ஒரு குடும்பம் விமானத்தைத் தவறவிட்டு வந்து நின்றது. டிக்கெட்டில் 14ஆம் தேதி 00:40 என்று இருக்கிறது. இவர்கள் 14ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு, சாவகாசமாகத் திருவனந்தபுரம் கிளம்பியிருக்கிறார்கள். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. 00:40 என்றால் 13ஆம் தேதி சாயங்காலமே வீட்டைப் பூட்ட வேண்டும். படித்த பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

இதைவிடப் பெரிய தொல்லை கழித்தல் கணக்கு. "அண்ணாச்சி, துபாய் போக ரெண்டே முக்கால் மணி நேரம், வர அஞ்சரையா? திரும்பி வர்றதுக்கு நல்ல பிளைட்டாப் பாத்துப் போடுங்க" என்பார்கள். இறங்கும் நேரத்திலிருந்து ஏறும் நேரத்தைக் கழித்திருக்கிறார்கள். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் காலை 4:30க்கு ஏறி, துபாயில் 7:15க்கு இறங்கினால் அப்போது நம் வீட்டில் மணி 8:45. ஆக, பயணம் நாலேகால் மணி நேரம். திரும்பும்போது அங்கே இரவு 10:00 என்றால் இங்கே 11:30. அதிகாலை 3:30க்கு இறங்கினால் நாலு மணி நேரம். தூரம் ஒன்றுதான், 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். எந்த பிளைட்டும் வேண்டுமென்று ஊர்ந்து வருவதில்லை!

மதுரையிலிருந்து சிங்கப்பூரும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் அந்த ஊர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கழித்துப் பார்த்துவிட்டு, "ஆறரை மணி நேரமா, ஆச்சி தாங்குவாளா?" என்று பயப்படுகிறார்கள். தோகா, குவைத், ரியாத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கொழும்புக்கு மட்டும் தைரியமாகக் கழிக்கலாம், அங்கும் நம் நேரம்தான்.

சரி, துபாய்க்கு நாலு மணி நேரம் என்று கூகுள் சொல்கிறதே? அது வானத்துக் கணக்கு. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரம் வையுங்கள். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலை நம்பவே கூடாது. விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நில்லுங்கள். கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அழுதாலும் திறக்க மாட்டார்கள். இறங்கியபின் குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

வாகைக்குளத்தில், அதாவது தூத்துக்குடி விமான நிலையத்தில் ஏறிச் சென்னையில் மாறுகிறவர்கள், தயவுசெய்து இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும்.

அப்புறம், அங்கே கூப்பிட வரும் பிள்ளைக்கு டிக்கெட்டை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உதவி செய்வதாக நினைத்து நேரத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். இறங்கும் நேரம் அவன் ஊர் நேரத்தில்தான் போட்டிருக்கிறது.