சுருங்கிய புலி

ஒரே சிற்பியின் கையெழுத்தோடு, ஒரே தோற்றத்தில் இரண்டு வெண்கலப் புலிகள் இருக்க, ஒன்று மட்டும் சில மில்லிமீட்டர் சிறியதாக இருப்பது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவர் குறிப்பிட்டது, அந்துவான் லூயி பாரி (1795–1875) என்ற பிரெஞ்சுச் சிற்பியின் 'நடக்கும் புலி'.

பாரிஸ் தாவரவியல் பூங்காவின் விலங்குகளை நேரில் பார்த்து வரைந்து பழகிய பாரி, 1831-இல் முதலையை விழுங்கும் புலியைக் காட்சிக்கு வைத்துப் புகழடைந்தார். 1848-இல் கடன் முற்றி, அவருடைய மாதிரிகள் கடன் கொடுத்தவரிடம் சென்றன. பாரி இறந்த பின் 1876-இல் நடந்த ஏலத்தில் பலவற்றை பார்பதியென் என்ற வார்ப்பாலையின் உரிமையாளர் வாங்கினார். ஆகவே ஒரே புலி பல கைகளில், பல காலங்களில் வார்க்கப்பட்டது.

உருகிய வெண்கலம் அச்சில் குளிரும்போது மூன்று முறை சுருங்குகிறது: திரவமாக இருக்கையில், உறைகையில், உறைந்த பின் திடப்பொருளாக. முதல் இரண்டு சுருக்கங்களால் ஏற்படும் வெற்றிடத்தை, மேலே தேக்கி வைத்த உருகிய உலோகம் இறங்கி நிரப்பிவிடுகிறது. மூன்றாவதை நிரப்ப எதுவும் இல்லை. வெண்கலத்தின் நீள்வெப்ப விரிவுக் குணகம், அதாவது ஒரு டிகிரி மாற்றத்துக்கு நீளம் மாறும் விகிதம், ஏறத்தாழ 0.000018; சுமார் 850 டிகிரி செல்சியஸிலிருந்து அறை வெப்பநிலைக்கு வரும்போது நீளம் 1.5 விழுக்காடு குறைகிறது. 40 செ.மீ. நீளமுள்ள புலி என்றால் 6 மி.மீ. போய்விடும். அந்த வார்ப்பின் மீதே புது அச்செடுத்து வார்த்தால் மேலும் 6 மி.மீ. குறையும். பள்ளிப் பாடத்தில் தண்டவாள இடைவெளிக்குச் சொல்லும் அதே விதி, இங்கே வார்ப்பின் தலைமுறையை எண்ணித் தருகிறது என்பது எனக்கு அலுக்காத வியப்பு.

பாரியே மணல் வார்ப்புக்கென (மாதிரியைச் சுற்றி மணலை இறுக்கி அச்செடுக்கும் முறை) தனியாக ஒரு வெண்கல மூலமாதிரியைச் செய்துவைத்து, அதிலிருந்து அச்செடுத்தார். எனவே அவர் விற்ற சிற்பங்களே மூலமாதிரியைவிட ஒரு படி சிறியவை. விற்ற சிற்பத்தின் மீது பிறர் அச்செடுத்தவையோ இரண்டு படி சிறியவை. கையெழுத்து உதவாது, ஏனெனில் அச்சு அதையும் சேர்த்தே பிரதி எடுத்துவிடுகிறது. பெயரைப் பார்த்தே விலை கொடுப்பவர்களின் நம்பிக்கை எனக்குச் சோதிடத்தை நினைவூட்டுகிறது. விலையுயர்ந்த கருவிகளுக்கு முன், நம்பகமான மூலமாதிரிகளின் அளவுகளைப் பொதுவில் வெளியிடவே அருங்காட்சியகங்கள் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

ஓர் எச்சரிக்கை: பாரி சில சிற்பங்களை வேண்டுமென்றே பல அளவுகளில் விற்றார், ஆனால் அந்த வேறுபாடு பார்த்தவுடன் தெரியும் அளவுக்குப் பெரியது. பீடத்தின் விளிம்பை அரம் கொண்டு ராவியிருக்கக்கூடும் என்பதால், வெர்னியர் அளவியை மூக்கு நுனிக்கும் வால் முளைக்கும் இடத்துக்கும் நடுவே வைத்து அளப்பதே பாதுகாப்பானது.