காணி வாங்குமுன் எந்தப் படத்தைப் பார்ப்பது?

கொழும்பை அண்டிய கொலன்னாவைப் பக்கம், கடுவலைப் பக்கம் காணி தேடுகிறவர்கள் கைபேசி வரைபடத்தைப் பெருப்பித்துப் பார்த்தே எல்லையையும் களனி கங்கையின் தூரத்தையும் முடிவுசெய்துவிடுகிறார்கள். நகையை விற்று, கடன்பட்டு வாங்கும் காணிக்கு அது போதாது. பெருப்பித்தால் கோடு பெரிதாகத் தெரியுமே தவிர, வரைந்தபோது இல்லாத விவரம் வந்துவிடாது.

முதலில் அளவுத்திட்டத்தைப் பாருங்கள். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தில் 1 மில்லிமீற்றர் என்பது நிலத்தில் 50 மீற்றர். பத்துப் பேர்ச் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 16 மீற்றர். அந்தப் படத்தில் அது மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குதான். ஊர் எப்படிக் கிடக்கிறது, ஆறு எப்படிப் போகிறது என்று அறிய அந்தப் படம் அருமையானது. எல்லைக்கு, உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த படமே வேண்டும்.

அதிலும் கவனம் தேவை. கைக்கு வருவது அநேகமாகப் போட்டோப் பிரதிதான். ஏ3 தாளை ஏ4க்குக் குறைத்தால் நீளங்கள் 71 சதவீதமாகச் சுருங்கும். படத்தில் அளவுத்திட்டமாக எழுதியுள்ள ‘1:1000’ மட்டும் மாறாது. அடிமட்டம் வைத்து அளந்தால் பத்துப் பேர்ச் ஐந்தாகக் கணக்கு வரும். கோட்டு அளவுத்திட்டம், அதாவது மீற்றர் குறித்து அடிமட்டம்போல வரைந்த கோடு, இருந்தால் அதுவும் சேர்ந்து சுருங்கியிருக்கும், அதை வைத்து அளக்கலாம். இல்லாவிட்டால் படத்தில் எழுதியுள்ள நீளத்தையும் பரப்பையும் மட்டும் எடுங்கள். வடக்குக் குறி எப்போதும் மேல்நோக்கி இருக்காது. காணித் துண்டு தாளுக்குள் அடங்கச் சாய்த்தும் வரைவார்கள். பட இலக்கம், திகதி, துண்டு இலக்கம் மூன்றும் காணி உறுதியின் அட்டவணையோடு ஒத்துப்போக வேண்டும்.

வெள்ளந்தான் பெரிய கவலை. 1:50,000 படத்தில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீற்றர் உயர இடைவெளியில் வரும். களனி கங்கையோரத் தாழ்நிலம் பெரும்பாலும் அந்த முதற்கோட்டுக்கும் கீழே கிடப்பதால் படத்தில் வெறுமையாகத் தெரியும். 2 மீற்றர் உயரத்து வளவும் 12 மீற்றர் உயரத்து வளவும் அங்கே ஒன்றுபோலிருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பது ஒரு மீற்றர் வித்தியாசத்தில் தீர்மானமாகிற விஷயம். ஆகவே அரை மீற்றர், ஒரு மீற்றர் இடைவெளியில் நிலத்தின் உயரத்தை அளந்து குறித்த படத்தைக் கேளுங்கள், வெள்ள அபாயப் படத்தையும் பாருங்கள். 2016 மே வெள்ளத்தில் தண்ணீர் மதிலில் எதுவரை ஏறியது என்று அயல்வீட்டாரிடம் விசாரித்து, அந்த மட்டத்தையும் அளவையாளரிடம் குறிக்கச் சொல்லுங்கள்.