ஃபோட்டோடிகிரடேஷன்: தமிழ்ல ஒளிச்சிதைவுங்க

திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறவங்களுக்கு 'லைட் ஃபாஸ்ட்னஸ்'னா என்னன்னு சொல்லவே வேண்டாம். சாயம் போட்ட துணிய வெயில் மாதிரி வெளிச்சம் குடுக்கற செனான் லாம்ப்புக்கு முன்னாடி வச்சு எவ்வளவு வெளுக்குதுன்னு பாத்து 1ல இருந்து 8 வரைக்கும் மார்க் போடுவாங்க, 8 வந்தா சாயம் கெட்டி. அங்க சாயத்த வெளுக்க வெக்கிற அதே வேலை வால்பாறையில எறங்கற மூடுபனிக்குள்ளயும் நடக்குது, பூச்சிமருந்து, வண்டிப்புகையில வர்ற கரிமப் பொருள் எல்லாம் துளியில கரைஞ்சு, வெயில் பட்டதும் ஒடைய ஆரம்பிச்சுரும். இதுக்குத்தான் ஃபோட்டோடிகிரடேஷன்னு பேரு.

'ஃபோட்டோ' கிரேக்கச் சொல், வெளிச்சம். 'டிகிரடேஷன்' லத்தீன்ல இருந்து வந்தது, 'கிரடஸ்'னா படி, ஒருபடி கீழ எறக்கறது. இதோட பங்காளி ஒருத்தர் இருக்காரு, ஃபோட்டோலிசிஸ், அதுல 'லிசிஸ்'னா அவுக்கறது. எலக்ட்ராலிசிஸ் மின்னாற்பகுப்பு, ஹைட்ராலிசிஸ் நீராற்பகுப்புன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமில்லீங்களா, அதே கணக்குல இவரு ஒளியாற்பகுப்பு.

அப்பறம் எதுக்கு ஒளிச்சிதைவுன்னு தனியா ஒண்ணுன்னு கேப்பீங்க. தரைக்கு வர்ற வெயில்ல சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழ உள்ள கதிர ஓசோன் புடிச்சு வச்சுக்குது, மிச்சம் வர்ற வெளிச்சத்த உறிஞ்சத் தெரிஞ்ச மூலக்கூறு மட்டுந்தான் நேரா ஒடையும், மஞ்சளா இருக்கற நைட்ரோஃபீனால் மாதிரி. மத்ததுக்கெல்லாம் சுத்து வழிதான். துளியில கரைஞ்சிருக்கற நைட்ரேட், நைட்ரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, புழுதியோட வந்த இரும்பு, இதுக மேல வெயில் பட்டா ஹைட்ராக்சில் தனி உறுப்பு உண்டாகுது, அதாவது ஜோடி சேராத எலக்ட்ரானோட திரியற ஃப்ரீ ராடிக்கல் (பேருதான் தனி, சித்த நேரம் தனியா இருக்காது), கிட்ட எந்தக் கரிமப் பொருள் இருந்தாலும் அதுல இருந்து ஹைட்ரஜனப் புடுங்கிரும். அப்படியே ஒடைஞ்சு ஒடைஞ்சு ஃபார்மிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம்னு வந்து கடைசியில கார்பன் டை ஆக்சைடு வரைக்கும் போகலாம். இங்க வெயில் தூண்டி விடறதோட சரி, ஒடைக்கறது வேற ஆளு. அதனால இதையும் ஒளியாற்பகுப்புன்னு எழுதறது எனக்கு ஒப்பலீங்க, ரெண்டு வழிக்கும் சேத்து ஒளிச்சிதைவுதான் பொருந்தும்.

சிலரு 'ஒளிச்சுத்திகரிப்பு'ன்னே போட்டுரலாமேன்னு சொல்லுவாங்க. அது ஆகாதுங்க. அமெரிக்காவுல மூடுபனியப் புடிச்சு சோதிச்சுப் பாத்து 1987ல வெளியிட்ட ஆய்வுல பூச்சிமருந்து எக்கச்சக்கமா இருந்துச்சு, கூடவே பாராத்தியான்ங்கற பூச்சிமருந்து மாறி வந்த பாராக்ஸானும் இருந்துச்சு. வெயில்லயும் காத்துலயும் மாட்டி ஒரு கந்தக அணு கழண்டு அந்த எடத்துல ஆக்சிஜன் உக்காந்துக்குது, மாத்தம் அவ்வளவுதான், ஆனா பழைய மருந்த விட இதுக்குத்தான் விஷம் ஜாஸ்தி.