கழுவிக் கொண்டுவந்த எலும்பு

புதைபடிவங்களை ஆராயும் என்னைத் தேடி போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். செய்தித்தாள் பொட்டலத்துக்குள் பிரஷ் போட்டுத் தேய்த்து, உடைந்த இடத்தில் பசை ஒட்டிய எலும்புத் துண்டு. எந்தப் பாறை அடுக்கிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். "மலையடிவாரத்துல கிடந்துச்சு." அப்புறம், நான் பயந்த அதே கேள்வி: "டைனோசர் எலும்பா இருக்கும். கார்பன் டேட்டிங் பண்ணினா வயசு தெரிஞ்சிடும்ல?"

தெரியாது. கார்பன் டேட்டிங்கில் அளப்பது கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனை; அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். சுமார் 50,000 ஆண்டுகள் தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆரம்பகால டைனோசர்கள் வாழ்ந்ததோ 23 கோடி ஆண்டுகளுக்கு முன். அதற்குள் நாற்பதாயிரம் தடவை பாதியாகியிருக்க வேண்டும். ஒரு லாரி கரியை நாற்பதே தடவை பாதியாக்கிப் பாருங்கள், தூசிதான் மிஞ்சும். அந்த எலும்பில் கார்பன் 14 தென்பட்டால் அது பிற்பாடு பாக்டீரியாவும் வேரும் கொண்டுவந்து சேர்த்தது.

வயதைச் சொல்வது எலும்பு அல்ல, பாறை. அர்ஜென்டினாவின் இஸ்கிகுவாலாஸ்டோவில் ஹெரெராசாரஸ், இயோராப்டர் என்ற ஆரம்பகால டைனோசர்கள் கிடைத்த அடுக்குகளுக்குக் கீழே எரிமலைச் சாம்பல் படிந்திருக்கிறது. அதன் வயது சுமார் 23.1 கோடி ஆண்டுகள். மேல்பகுதிச் சாம்பல் 22.6 கோடிக்குப் பக்கம். எலும்பு இந்த இரண்டுக்கும் நடுவே எந்த உயரத்தில் இருந்தது என்பதுதான் கணக்கு. பிடுங்கி எடுத்தபின் அந்த உயரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

இன்னொன்று: அங்கே கிடைப்பவற்றில் டைனோசர்கள் சிறுபான்மை. அதிகம் கிடைப்பவை ரிங்கோசார்கள் என்ற தாவரம் தின்னும் ஊர்வன, அப்புறம் பாலூட்டிகளின் தூரத்துச் சொந்தமான சைனோடான்ட்கள். அந்த ட்ரயாசிக் காலத்து எலும்பெல்லாம் டைனோசர் எலும்பாகிவிடாது!

எனவே தயவுசெய்து தோண்டாதீர்கள், கழுவாதீர்கள், ஒட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். பத்தடி பின்னால் போய், சரிவின் அடுக்குகள் மேலிருந்து கீழ்வரை தெரியும்படி இன்னொன்று. செல்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கோ நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். எலும்பா கல்லா என்று நக்கிப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம்தான். நீங்கள் செய்ய வேண்டாம், சில புதைபடிவங்களில் யுரேனியம் ஏறியிருக்கும்.

வந்தவர் நல்ல மனிதர், ஆர்வத்தோடுதான் கொண்டுவந்தார். துண்டைப் பதிவேட்டில் ஏற்றினேன். 'அடுக்கு' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.