இதழியல் மாணவர்களை எங்கே போய்த் தேடுவது?

செய்தித்தளங்களுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஏதாவது ஒரு நிறுவனத்திலிருந்து போன் வரும். "ஜர்னலிசம் படித்தவர்கள் இரண்டு பேர், மார்க்கெட்டிங் படித்தவர்கள் நான்கு பேர் வேண்டும். அடுத்த வாரம் கேம்பஸ் போகலாமா?" மார்ச்சில் கடைசி வருட மாணவர்கள் ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டு, வைவாவுக்கும் செமஸ்டர் தேர்வுக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள். நன்றாக எழுதுகிறவர்களை அதற்குள் வேறு யாராவது பேசி வைத்திருப்பார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே இதழியல் கல்வி 1947-ல் தொடங்கியது. சேப்பாக்கம் வளாகத்தில் இதழியல் துறையும் இருக்கிறது, எம்பிஏ நடத்தும் மேலாண்மைத் துறையும் இருக்கிறது. ஒரே வளாகம்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் பலரும் கிளம்புகிறார்கள். எம்பிஏ மாணவர்களுக்கு பிளேஸ்மென்ட் செல் பழகிய இடம். ஆப்டிடியூட் டெஸ்ட், குழு விவாதம், நேர்காணல் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வருவார்கள். இதழியல் மாணவர்கள் பலர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வகுப்பே சின்னது. அதில் ஒருவர் ஆவணப்படம் எடுக்கப் போகிறார், இன்னொருவர் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வுக்குப் படிக்கிறார், வேறொருவர் குரூப் 2 எழுதுகிறார். செய்தி வேலைக்கே வர விரும்புகிறவர் யார், அவர் எழுத்து எப்படி என்பதெல்லாம் துறைத்தலைவருக்கும் பாடம் நடத்துகிறவர்களுக்கும்தான் தெரியும்.

அதனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ நேராகத் துறைக்குப் போங்கள். மாணவர்கள் தயாரிக்கும் பயிற்சி இதழ் இருந்தால் கேட்டு வாங்கி, பைலைன் (எழுதியவர் பெயர்) பார்த்துப் படியுங்கள். பயோடேட்டா எல்லாருடையதும் ஒன்றுபோல்தான் இருக்கும். பயிற்சி இதழில் ஒரு மாணவி மீன் மார்க்கெட்டைப் பற்றி எழுதியிருந்தால், எத்தனை பேரிடம் பேசியிருக்கிறாள், விலையைச் சரிபார்த்திருக்கிறாளா என்பது இரண்டு பத்தியிலேயே தெரிந்துவிடும். சென்னையோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். மதுரை காமராசர், கோவை பாரதியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், சேலம் பெரியார் பல்கலைக்கழகங்களிலும் ஊடகத் துறைகள் இருக்கின்றன. மாவட்டச் செய்திக்கு ஆள் தேடுகிறவர்கள் அங்கே போகாமல் இருப்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

எழுத்துத் தேர்வு விஷயத்தில் ஒரு தவறு என் கண்முன்னே நடந்தது. ஒரு நிறுவனம் தேர்வுக்காக மாணவர்களிடம் கட்டுரை வாங்கியது. ஒரு மாணவியின் கட்டுரை பெயர் இல்லாமல் அவர்கள் தளத்திலேயே வெளியானது. வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துறையின் பேராசிரியர் அடுத்த வருடம் என் போனையே எடுக்கவில்லை. அவர் கோபம் நியாயமானது. தேர்வுக்கு எழுதி வாங்கியதைப் பயன்படுத்துவதாக இருந்தால் பெயரும் போடுங்கள், பணமும் கொடுங்கள். அப்புறம், வேலை தமிழில் என்றால் தேர்வையும் தமிழிலேயே வையுங்கள்.

மார்க்கெட்டிங் பக்கம் சிக்கல் வேறு. விளம்பரத்தில் 'மார்க்கெட்டிங் எக்ஸிகியூடிவ்' என்று இருக்கும். சேர்ந்த பிறகு பார்த்தால் பைக்கில் கடை கடையாக ஏறி இறங்கும் வேலை, மாத டார்கெட், பெட்ரோல் காசு சொந்தக் கையிலிருந்து. ஃபீல்டு சேல்ஸ் கௌரவமான வேலைதான். அதை விரும்பிச் செய்கிற மாணவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள். நிலையான சம்பளம் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு, எந்த ஊர் என்பதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால், வருகிறவர்கள் தெரிந்து வருவார்கள், மூன்றாம் மாதம் ஓடமாட்டார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வது, 'பயிற்சிக் கட்டணம்' என்று மாணவரிடமே பணம் கேட்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம். சரிபார்க்க அசல் தேவை என்றால் பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள்.

முழுநேர வேலை கொடுக்கத் தயக்கமாக இருந்தால் அப்ரெண்டிஸ் முறை இருக்கிறது. 1961-ம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தை 2014-ல் திருத்தியதிலிருந்து பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் இதில் எடுக்கலாம். 2019-ல் பட்டதாரிகளுக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கும். அதை நடத்தும் தொழிற்பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. இப்போதைய தொகையை அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய நிறுவனங்கள்கூட, நான்கு பேர் வேலை செய்தாலே, அப்ரெண்டிஸ் எடுக்கலாம். இப்படி ஒரு வழி இருக்கும்போது 'அனுபவம்தானே சம்பளம்' என்று ஆறு மாதம் இலவசமாக வேலை வாங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. சென்னையில் ஹாஸ்டல் வாடகையை யார் கொடுப்பது? கடைசியில் வீட்டில் வசதி இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் செய்தி அறைக்குள் வருவார்கள்.

வெளியூர்ப் பெண்களை எடுக்கும்போது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, இரவு ஷிஃப்ட் முடிந்து எப்படி வருவாள் என்பதுதான். வண்டி ஏற்பாடு என்ன என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். பயிற்சியாளர்களும் அப்ரெண்டிஸ்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். குழுவில் யார் யார், யாரிடம் போவது என்பதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் பதில் போடுங்கள், இரண்டு வரி போதும். ஜூலையில் நீங்கள் மறுபடி துறைக்குப் போகும்போது, உங்கள் நிறுவனம் எப்படி என்று ஜூனியர்கள் முதலில் கேட்பது அவர்களிடம்தான்.