ஃபிளாப்: ஒட்டா, மடலா?

மேலூர்ச் சித்திக்கு மார்பில் வந்த புற்றுநோய், சில வருஷம் கழித்து விலா எலும்பில் தலைகாட்டியது. வேறெங்கும் பரவவில்லை, அந்த ஓரிடம்தான். அதனால் வெட்டி எடுக்கலாம் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன். கையெழுத்துக் கேட்ட தாளில் 'லாட்டிசிமஸ் டார்சை ஃபிளாப்' என்று இருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். "விலா எலும்பை எடுத்த ஓட்டையை மூட, முதுகுச் சதையை வெட்டி நெஞ்சில ஒட்டுவாங்க சித்தப்பா" என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அப்புறம்தான் புரிந்தது.

ஒட்டு வேறு. ஆங்கிலத்தில் அது கிராஃப்ட். மரத்தில் செருகும் குச்சியின் நுனி எழுத்தாணி போல இருக்கும்; எழுத்தாணிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. நத்தம் மாந்தோப்புக்காரர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். தாய்மரத்திலிருந்து முழுதாக அறுத்து வேறொன்றில் வைப்பது ஒட்டு. தொடையில் தோலைச் சீவிப் புண்ணில் வைத்தால் அது தோல் ஒட்டு. வைத்த இடத்து ரத்தத்தை நம்பித்தான் அது பிழைக்க வேண்டும்.

ஃபிளாப் அப்படியில்லை. நம் 'படபட' போல அதுவும் ஒலியில் பிறந்த சொல். முதலில் பட்டென்று அறைவதைக் குறித்தது. பிறகு ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு தொங்கும் எதற்கும் பெயரானது. லாட்டிசிமஸ் டார்சை என்றால் லத்தீனில் 'முதுகில் மிக அகன்றது'. அக்குளிலிருந்து வரும் ரத்தக்குழாயை மட்டும் அறுக்காமல் விட்டு, மற்றப் பக்கமெல்லாம் விடுவித்து, அந்தத் தசையைத் தோலுக்கடியில் முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இத்தாலிய அறுவை மருத்துவர் இஜினியோ டான்சினி 1906-இலேயே இதை எழுதியிருக்கிறார். அந்த ரத்தக்குழாய்ப் பிடிப்பு 'பெடிக்கிள்', லத்தீனில் சின்னக் கால். நமக்குக் காம்பு.

காம்பு இருந்தால் மேலே இருப்பது மடல்தானே! ஃபிளாப்பைத் தமிழில் 'தசைத் துண்டு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. துண்டாகாததைத் துண்டு என்பானேன்? 'மடிப்பு' வேட்டிக்குச் சரி. காது மடல் நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. வாழைப்பூ ஆய்கிறவர்களுக்கும் தெரியும்: மடலை நிமிர்த்தினால் அடியில் பிடித்துக்கொண்டே பின்னால் வளையும். திருகினால்தான் கையோடு வரும். ஆகவே என் ஓட்டு 'தசை மடல்' என்பதற்கு.

மடல் மட்டும் போதாத இடமும் உண்டு. விலா எலும்புகள் போன ஓட்டை பெரிதாக, பொதுவாக 5 செ.மீ.க்கு மேல் இருந்தால், மூச்சை இழுக்கையில் நெஞ்சு வெளியே வருவதற்குப் பதில் உள்ளே குழியும். அதற்கு முதலில் செயற்கை வலை, எலும்புச் சிமெண்ட் அல்லது டைட்டானியம் பட்டை வைத்து, அதன்மேல் மடலைப் போர்த்துவார்கள். சித்திக்கு வலை.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் சித்தி என்னைக் கூப்பிட்டு, "கையைப் பின்னாடி இழுத்தா நெஞ்சுல என்னமோ துடிக்குதுடா" என்றார். காம்போடு நரம்பையும் விட்டிருக்கிறார்கள். கையைப் பின்னுக்கு இழுப்பது முதுகில் இருந்தபோது அந்தத் தசை பார்த்த வேலை.