அம்பாசிடர் பிரேக்கில் ஏர் எடுப்பது

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பெரிய வீடுகள் பலவற்றில் பூட்டுத்தான் தொங்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்று எல்லாரும் கூடும்போதுதான் ஷெட்டில் நிற்கும் காருக்கும் வேலை வரும். எங்கள் அப்பச்சியின் அம்பாசிடரும் அப்படித்தான். போன தடவை எடுத்தபோது பிரேக் பெடல் மெத்தையை மிதித்த மாதிரி தரைவரை இறங்கிவிட்டது. மெக்கானிக் அண்ணன் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "ஏர் பிடிச்சிருக்கு தம்பி" என்றார்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. அந்த அழுத்தம்தான் சக்கரத்தோடு சுற்றும் ட்ரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டருக்குப் போய் பிரேக் ஷூவை விரித்து ட்ரம்மோடு உரச வைக்கிறது. வளிமண்டலத்தைப் போல 50 மடங்கு அழுத்தினாலும் ஆயில் ஒரு சதவீதம்கூடச் சுருங்காது. காற்றோ ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளுவதே சில மில்லிலிட்டர் ஆயில்தான். உள்ளே 3 மில்லி காற்று இருந்தால், அதில் ஏறக்குறைய 3 மில்லி அதைச் சுருக்கவே செலவாகிவிடும். ஷூவுக்கு என்ன மிஞ்சும்?

நின்ற வண்டிக்குள் காற்று எப்படி வந்தது? பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சத்தமில்லாமல் நடக்கும். ஈரம் சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும், துரு உள்ளே ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப்பைக் கீறும், ஆயில் கசியும், அந்த வழியே காற்று நுழையும். ஈரத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. டாட் 3 ரகப் புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கலாம். கொதித்து வரும் ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும்.

அண்ணன் முதலில் கசிந்த கப்பை மாற்றி, ஷூவை அட்ஜஸ்ட் செய்தார். ஷூ தளர்ந்திருந்தாலும் பெடல் கீழே போகும். ஆனால் இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நிற்கும். அதை ஏர் என்று நினைத்து ஆயிலை வீணாக்குபவர்கள் நிறைய.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தள்ளியிருக்கும் பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கினோம். காற்று மேலேறும் என்பதால் ஏர் எடுக்கும் நிப்பிளும் (ஓட்டையுள்ள சிறு திருகு) வீல் சிலிண்டரின் மேல்பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு ட்யூபைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினார். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்தார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும். அடிவரை மிதித்தால் கப் கிழிந்துவிடும்.

"மெதுவா மிதிங்க. பிடிச்சுக்கங்க."

"பிடிச்சிருக்கேன் அண்ணே."

ஸ்பானரைக் கால் சுற்றுத் திருப்பினார். ட்யூபில் காப்பி நிறத்தில் நுரை ஓடியது. என் கால் கட்டையைத் தொட்டதும், "விட்டுடாதீங்க" என்று சொல்லி நிப்பிளை இறுக்கினார். திறந்திருக்கும்போது காலை எடுத்தால், திரும்பி வரும் பிஸ்டன் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வேலையில் கவனமெல்லாம் இங்கேதான் வேண்டும். ஏழெட்டு மிதிக்குப் பிறகு பெரிய குமிழ் ஒன்று வழுக்கிப் போனது. அதன்பின் தேன்நிறத்தில் தெளிந்த ஆயில் வந்தது.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவை நிரப்பினோம். அது காலியானால் காற்று மறுபடி புகுந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாட்டிலில் பிடித்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது. அதில் கண்ணுக்குத் தெரியாத குமிழும் ஈரமும் இருக்கும். இஞ்சின் ஆயிலைத் தொடவே கூடாது, ரப்பர் கப் ஊதிப்போகும். மட்கார்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், விட்டால் பெயிண்டை உரித்துவிடும்.

நாலு சக்கரமும் முடிந்தபின் பெடல் பாதி வழியில் கல்லாக நின்றது. வீட்டுத் தெருவிலேயே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தோம். அண்ணன் கீழே குனிந்து ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தடவினார், எதிலும் ஈரமில்லை. அதற்குப் பிறகுதான் காரைப் பள்ளத்தூர் பக்கம் திருப்பச் சொன்னார்.